மோட்டார் உடம்பில் 100 வோல்ட். பிரேக்கர் ஏன் சும்மா இருக்கிறது?

(திரையில்: தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட் பக்கம் ஒரு கரும்புத் தோட்டம், அதன் கோடியில் நீர் இறைக்கும் மோட்டார்.)

வணக்கம். இந்த மோட்டாரின் இரும்பு உடம்பில் 100 வோல்ட் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 மீட்டர் தள்ளி டி.பி. போர்டில் (மின்சாரத்தைப் பிரித்துக்கொடுக்கும் பலகையில்) இருக்கும் 63 ஆம்பியர் பிரேக்கரோ ஒன்றும் நடவாததுபோல் இருக்கிறது. பிரேக்கரில் பழுதில்லை, வினை தூரத்தில்தான் இருக்கிறது.

கணக்கை விரைந்து முடித்துவிடுவோம். 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்கு 300 மீட்டரில் ஏறத்தாழ 0.35 ஓம் தடை. ஃபேஸ் கம்பி மோட்டார் உடம்பைத் தொட்டால், மின்னோட்டம் அக்கம்பி வழியே போய், அதே பருமனுள்ள எர்த் கம்பி வழியே திரும்ப வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துக்கு 0.1 ஓம் சேர்த்தால் மொத்தம் 0.8 ஓம். 230 வோல்ட்டுக்கு அது சுமார் 290 ஆம்பியர். சி வகைப் பிரேக்கர் கட்டாயம் உடனே விழ, அதாவது இணைப்பைத் துண்டிக்க, 630 ஆம்பியர் வேண்டும். 290க்கு அது சூடேறி விழச் சில விநாடிகள் ஆகும். அதுவரை எர்த் கம்பியின் தடையால் மோட்டார் உடம்பில் 100 வோல்ட் நிற்கும். எர்த் கம்பியே இல்லாமல் மண்ணோடு 20 ஓம் தடையுள்ள ஒரு எர்த் கோலை மட்டும் மண்ணில் அடித்து வைத்திருந்தால் 11.5 ஆம்பியர்தான் ஓடும்; பிரேக்கருக்கு அது யாரோ தேநீருக்குக் கெட்டில் போட்டதற்குச் சமம்.

ஆகவே மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் கருவி வேண்டும். இதை விளக்க எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு. சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து மவுண்ட் எட்ஜ்கூம்ப் மாரியம்மன் கோயிலின் ஈஸ்டர் திருவிழாவுக்கு ஒரு பஸ் போகிறது. பஸ்காரர் போகும்போது ஐம்பது தலைகளை எண்ணுகிறார், திரும்பும்போது நாற்பத்தொன்பது. காணாமற்போனது மாமாவா, பாட்டியா என்று அவர் விசாரிப்பதில்லை. தலை குறைந்தால் வண்டி நகராது, அவ்வளவுதான். கருவிக்குள் இருக்கும் இரும்பு வளையமும் இப்படித்தான்: ஃபேஸில் போனதும் நியூட்ரலில் வந்ததும் சமமா என்று மட்டும் பார்க்கும். 290 ஆம்பியருக்காக அது காத்திருப்பதில்லை. 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே இணைப்பைத் துண்டித்துவிடும்.

இதில் நம் தென்னாப்பிரிக்காவுக்குப் பெருமைப்படும் பங்கு உண்டு. சுமார் 10 ஆம்பியர் கசிந்தால்தான் விழித்த அந்நாளைய கருவிகளுக்கு நடுவே, ஹென்றி ரூபின் என்ற பொறியாளர் 1955இல் தங்கச் சுரங்கங்களுக்காக 250 மில்லி ஆம்பியரில் விழும் கருவியை உருவாக்கினார். 1956இல் அதை 20 மில்லி ஆம்பியருக்கும் கீழே கொண்டுவந்தார். 1957, 1958இல் ஸ்டில்ஃபோன்டெய்ன் சுரங்கக் குடியிருப்புகளில் அது பொருத்தப்பட்டது.

மீண்டும் பஸ்ஸுக்கு வருவோம். வழி நீண்டால், யாரும் தொலையாமலே, சிலர் இறங்கிச் சமோசா வாங்கப் போய்விடுவார்கள் அல்லவா? நீண்ட கேபிளும் அப்படியே. கம்பிக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள இன்சுலேஷன் மின்னூட்டத்தைத் தேக்கும் ஒரு கெப்பாசிட்டராகவே வேலை செய்கிறது. கிலோமீட்டருக்கு 0.3 மைக்ரோஃபாரட் என்று வைத்தால், ஒரு கிலோமீட்டர் நீள ஒற்றை ஃபேஸ் கேபிளில் பழுது ஏதுமின்றியே 22 மில்லி ஆம்பியர் மண்ணுக்குப் போகும். 30 மில்லி ஆம்பியர் கருவி 15ஐத் தாண்டினாலே விழலாம் என்பதால், அது காரணமின்றி விழுந்துகொண்டே இருக்கும். சலித்துப்போய் யாரோ அதைக் கழற்றிவிடுவார்கள். அதைவிட ஆபத்து வேறில்லை. (கழற்றியவர்கள் பின்னூட்டத்தில் ஒப்புக்கொள்ளலாம், திட்டமாட்டேன்.) மூன்று ஃபேஸ் கேபிளில் இக்கசிவுகள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும். ஒற்றை ஃபேஸில், கேபிளின் தொடக்கத்தில் சற்றுத் தாமதித்து விழும் 300 மில்லி ஆம்பியர் கருவியையும், மோட்டார் அருகில் 30 மில்லி ஆம்பியர் கருவியையும் வைப்பதே தக்கது.

கடைசியாக, செம்புத் திருடர்கள். எர்த் கம்பியை வெட்டிக்கொண்டு போனாலும் மோட்டார் வழக்கம்போல் ஓடும். தோட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. கருவியின் டெஸ்ட் பொத்தானை அழுத்தினாலும் அது ஒழுங்காக விழும், ஏனெனில் அப்பொத்தான் எர்த் கம்பியைத் தொடுவதே இல்லை. கருவிக்குள்ளேயே ஒரு தடை வழியாகக் கசிவை உண்டாக்கிச் சோதிக்கிறது. கம்பி இருக்கிறதா என்று அறிய, எலெக்ட்ரீஷியன், மின்னோட்டம் போய்த் திரும்பும் பாதையின் தடையை அளக்கும் லூப் மீட்டரைத் தூக்கிக்கொண்டு அந்த 300 மீட்டரையும் நடந்து மோட்டாரடியில்தான் அளக்க வேண்டும்.