ரோண்டாவில் நிலக்கரி இருந்தது, வழிதான் இல்லை: ஒரு சந்தேகத்துக்கு விளக்கம்

நேயர் ஒருவர் எழுதிய அடுத்த கேள்வி, படித்ததிலிருந்து என்னை விடாமல் துரத்துகிறது. "தெற்கு வேல்ஸில் உள்ள ரோண்டா பள்ளத்தாக்கில் முதல் சுரங்கக் குழி 1812-இல்தான் தோண்டப்பட்டது என்று சொன்னீர்கள். பிரிட்டனின் மற்றப் பகுதிகளில் பல நூறு ஆண்டுகளாகத் தோண்டிக்கொண்டிருந்தார்களே, ரோண்டாவில் நிலக்கரி இருப்பது யாருக்கும் தெரியாதா?"

தெரியும் ஐயா, நன்றாகவே தெரியும். மலைச்சரிவில் நிலக்கரிப் படுகை வெளியே தலைகாட்டும் இடங்களில் விவசாயிகள் வெட்டியெடுத்துத் தங்கள் அடுப்பில் எரித்தார்கள். ஆனால் விற்பதென்றால் யாரிடம் விற்பது? சந்தைக்குப் பாதையில்லாத மலையில் பலா பழுத்துத் தொங்குவதைப் போலத்தான். நம் பழைய நேயர்களுக்கு நான் என்ன சொல்லப்போகிறேன் என்பது இப்போதே தெரிந்திருக்கும். சொல்லிவிடுகிறேன்: சுரங்கத்தைப் பற்றிக் கேட்டால் முதலில் பாதையைப் பாருங்கள்.

இரும்பு ஆலைகளின் ஊரான மெர்தரிலிருந்து துறைமுகமான கார்டிஃப் வரை கிளமோர்கன்ஷயர் கால்வாய் 1794-இல் திறக்கப்பட்டது. அது இரும்பு ஆலைக்காரர்களுக்காக வெட்டியது, ரோண்டாவை யாரும் நினைக்கவில்லை. 1809-இல் டாக்டர் ரிச்சர்ட் கிரிஃபித்ஸ் என்பவர் பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியிலிருந்து குதிரைகள் வண்டி இழுக்கும் தண்டவாளப் பாதை ஒன்றைப் போட்டார். பின்னர் ட்ரிஃபாரஸ்ட் என்ற ஊரில் ஒரு குட்டிக் கால்வாயும் வெட்டிப் பெரிய கால்வாயோடு இணைத்தார். மருத்துவருக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்காதீர்கள், அந்தக் காலத்தில் பணம் வைத்திருந்தவர் எல்லாரும் இதில்தான் இறங்கினார்கள்.

இப்போது வால்டர் காஃபின் வருகிறார். தோல் பதனிடும் தொழில் செய்த குடும்பம். ரோண்டாவில் உள்ள டீனாஸில் நிலம் பிடித்து, 1812-இல் அந்த முதல் குழியை இறக்கினார். குழியை மட்டுமா? ஏறத்தாழ இரண்டு மைலுக்குத் தன் செலவில் தண்டவாளம் போட்டு, டாக்டரின் பாதையோடு சேர்த்தார். குழி தோண்டியவர் என்று எல்லாரும் அவரைப் புகழ்கிறார்கள். நானோ அந்த இரண்டு மைலைத்தான் புகழ்வேன். பிறகு டாஃப் வேல் ரயில்வே என்ற ரயில் நிறுவனத்துக்கும் அவர் தலைவரானார், கார்டிஃபின் நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். 1841-இல் ரயில் டீனாஸுக்கு வந்தது.

அப்போதும் ரோண்டாவின் மேல் பள்ளத்தாக்கு ஆட்டு மந்தைகளின் ஊர்தான். 1851-இல் அந்தத் திருச்சபை வட்டாரத்தில் வாழ்ந்தவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு. கப்பல் கொதிகலன்களுக்கு ஏற்ற நீராவி நிலக்கரி அங்கே ஆழத்தில் கிடந்தது. மேலே ட்ரிஹெர்பர்ட்டில், பெரிய நிலவுடைமையாளரான ப்யூட் பிரபுவின் சொத்தைக் கவனித்த அறங்காவலர்கள் குழி இறக்கிக் காட்டினார்கள், 1855-இல் அந்தக் கரி கார்டிஃபுக்குப் போனது. அடுத்த ஆண்டே ரயிலும் மேலே ஏறியது. மீண்டும் பாதை! 1911-இல் ரோண்டாவின் மக்கள்தொகை ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தது.

சரி, நீங்கள் கேட்காததையும் சொல்கிறேன், எனக்கு அதுதான் முக்கியம். உள்ளே இறங்கியது யார்? 1842-இல் வந்த சட்டம் பெண்களும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களும் நிலத்தடியில் வேலை செய்வதைத் தடை செய்தது. பத்து வயதானவன் போகலாம் என்பதுதான் இதன் பொருள்! சுரங்கத்துக்குள் காற்றோட்டத்தைத் திருப்பிவிடக் கதவுகள் இருக்கும், கரி வண்டி வரும்போது அந்தக் கதவைத் திறந்து, போனதும் மூட வேண்டும். இருட்டில் நாள் முழுக்க அதுவே அவன் வேலை.

1856 ஜூலை 15 அன்று டீனாஸுக்கு அருகிலிருந்த கம்மர் சுரங்கத்தில் மீத்தேன் வாயு வெடித்து 114 பேர் இறந்தார்கள், அவர்களில் சிறுவர்கள் பலர். வாயு சேர்ந்திருக்கும் இடத்தில் திறந்த சுடர் விளக்குகளோடு வேலை நடந்திருக்கிறது. சுடரைக் கம்பி வலையால் மூடி வாயு பற்றாமல் காக்கும் டேவியின் பாதுகாப்பு விளக்கு வந்து நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன என்பதைக் கவனியுங்கள். மேலாளர்மீதும் அதிகாரிகள்மீதும் வழக்கு நடந்தது, விடுதலையானார்கள்.

1877-இல் டைநியூவிட் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து சிக்கியவர்களை மீட்ட கதையை யாராவது கேட்டு எழுதுங்களேன். அதற்கு ஒரு முழு உரை வேண்டும்.