உண்மையைச் சுமந்து வரும் பொய்

நேயர்களுக்கு வணக்கம். புற்றுநோய் என்று சொல்லும் பயாப்சி (திசுப் பரிசோதனை) அறிக்கை கைக்கு வந்த அன்றிரவு, வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகு, நோயாளி கைப்பேசியை எடுத்துத் தன் நோயின் பெயரைத் தேடத் தொடங்குகிறார். மருத்துவரிடம் அவருக்குக் கிடைத்தது பத்து நிமிடம். கைப்பேசியோ விடிய விடியப் பேசும். ஒரு காணொளியை முழுதாகப் பார்த்துவிட்டால், அதே சாயலில் இன்னும் பத்தை அதுவே எடுத்து நீட்டும்.

அவற்றில் முழுப் பொய் குறைவு என்பது புற்றுநோய் மருத்துவனாக என் அனுபவம். உண்மை ஒன்றைச் சுமந்து வரும் பொய்தான் ஆளை விழுத்தாட்டுகிறது. புற்றுநோய் செல்கள் குளுக்கோஸை மிகுதியாக உறிஞ்சுகின்றன என்பதை ஜெர்மானிய அறிவியலாளர் ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கண்டார். பெட் ஸ்கேன் கட்டியைக் காட்டுவதும் இந்தக் குணத்தைக் கொண்டுதான். இதுவரை சரி. "ஆகவே இனிப்பை அடியோடு நிறுத்தினால் கட்டி பட்டினியில் செத்துவிடும்" என்ற அடுத்த வரியில்தான் வழுக்கல். நாம் மாவுச்சத்தையே தொடாவிட்டாலும் கல்லீரல் குளுக்கோஸைத் தயாரித்துக்கொண்டே இருக்கும். பட்டினியில் மெலிவது கட்டியல்ல, நோயாளி. எடை குறைந்து உடல் தளர்ந்தால் கீமோதெரபியின் அளவைக் குறைக்கவோ தள்ளிப்போடவோ நேரிடும். வார்பர்க்குக்கு இதற்காகவே நோபல் பரிசு கிடைத்தது என்றும் சேர்த்துச் சொல்வார்கள். 1931ஆம் ஆண்டுப் பரிசு செல் சுவாசத்துக்கான நொதியைப் பற்றிய கண்டுபிடிப்புக்குத் தரப்பட்டது.

புற்றுநோய்க்கு மருந்தென்று 'வைட்டமின் பி17' என்ற பெயரில் விற்கப்படும் அமிக்டலின் வைட்டமினே அல்ல. ஆப்ரிகாட் பழத்தின் விதையிலிருந்து எடுக்கப்படும் அது குடலில் உடைந்து சயனைடை வெளிவிடுகிறது. அமெரிக்காவில் 178 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1982இல் வெளியான ஆய்வில் யாரும் குணமாகவில்லை. சிலருடைய இரத்தத்தில் சயனைடு ஆபத்தான அளவை நெருங்கியிருந்தது.

"ஆய்வகத்தில் நிரூபிக்கப்பட்டது" என்ற சொல்லைக் கண்டால், எதில் என்று கேளுங்கள். கண்ணாடித் தட்டில் வளரும் செல்கள் வெந்நீர் ஊற்றினாலும் சாகும். "மூலிகையை மருந்து நிறுவனங்கள் மறைக்கின்றன" என்பவர்களுக்கு, நித்தியகல்யாணியிலிருந்து வந்த வின்கிறிஸ்டினையும் யூ மரப்பட்டையிலிருந்து வந்த பாக்ளிடாக்சலையும் புற்றுநோய் மருந்துகளாக நாங்கள் அன்றாடம் ஏற்றிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லலாம். குணமடைந்தவரின் கதை வந்தால், எந்த வகைப் புற்று, எந்த நிலை, அறுவை சிகிச்சை முன்பே நடந்ததா என்று பாருங்கள். பிழைக்காதவர் காணொளி போடுவதில்லை.

இதில் எங்கள் தரப்பின் குறையையும் சொல்லியாக வேண்டும். ஓர் அம்மையாருக்கு, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள் இரத்தத்தில் ஏறிக்கொண்டே போயின. காரணம் தேடி நாங்கள் அலைந்தோம். நான்காவது முறை வந்தபோது, கைப்பையிலிருந்து லேபிள் இல்லாத சிறு பாட்டில் ஒன்றைத் தயங்கித் தயங்கி எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே பச்சைப் பொடி. "திட்டுவீங்களோன்னு பயமா இருந்துச்சு, டாக்டர்" என்றார். அதற்கு முன்பொரு நாள், பக்கத்து நாற்காலிக்காரர் காட்டிய செய்தியைப் பார்த்து நான் சிரித்ததை அவர் கவனித்திருக்கிறார். பொடியை நிறுத்தியதும் நொதிகள் மெல்ல இறங்கின.

வழக்கமான சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று முறைகளை மட்டுமே நம்பிய 281 பேரைப் பற்றி 2018இல் வெளியான ஆய்வு, அவர்களுக்கு இறப்பு அபாயம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு என்று காட்டியது. எனவே எதைச் சாப்பிட்டாலும், சாப்பிட நினைத்தாலும், சிகிச்சையை நிறுத்தாமல் எங்களிடம் காட்டுங்கள். செய்தி அனுப்பும் உறவினர் அன்பினால்தான் அனுப்புகிறார்; அவருடன் வாதாட உங்களுக்குத் தெம்பு இருக்காது. "அடுத்த முறை டாக்டர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்றால் போதும்.

அந்த அம்மையார் இப்போது ஒரு குறிப்பேட்டுடன் வருகிறார். இடப்பக்கம் அவர் கேள்விப்பட்டவை. வலப்பக்கம் எங்கள் பதில். அதில் பல இடங்களில் "தாராளமாகச் சாப்பிடலாம்" என்றே எழுதியிருக்கிறேன். நன்றி, வணக்கம்.