சிப்பை மட்டும் கேட்டால் போதாது

வணக்கம் நேயர்களே. ஒரு மென்பொருளைத் திறந்ததும் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று ஒற்றை வரியைக் காட்டிவிட்டு அது நின்றுபோவதை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். அந்த ப்ராசஸருக்குத் தெரியாத கட்டளை ஒன்றை அது கொடுத்திருக்கும். முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்றால், கேட்கலாம். யாரிடம் கேட்பது என்பதில்தான் சிக்கல்.

இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர்களில் சிபியுஐடி என்றொரு கட்டளை உண்டு. சாதாரணப் புரோகிராம்கூட அதை நேரடியாக ஓட்டி, சிப்புக்கு என்னென்ன தெரியும் என்று பார்த்துக்கொள்ளலாம். ஆனால் 2011இல் வந்த இன்டெலின் சாண்டி பிரிட்ஜ் ப்ராசஸரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரே கட்டளையில் பல எண்களைச் சேர்த்துக் கணக்கிடும் ஏவிஎக்ஸ் வசதி இருந்தது. அந்த எண்களை ப்ராசஸர் தனக்குள் வைத்துக்கொள்ளும் சிறு இடங்களான ரெஜிஸ்டர்கள் 128 பிட்டிலிருந்து 256 பிட்டாக அகன்றன. ஒரு புரோகிராமை நிறுத்திவிட்டு இன்னொன்றை ஓட்டும்போதெல்லாம், முதலாவதின் ரெஜிஸ்டர்களில் இருப்பதைப் பத்திரமாக எடுத்துவைத்துப் பிறகு திருப்பித் தருவது விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளத்தின் வேலை. பழைய இயங்குதளத்துக்கு 128 பிட் வரைதான் எடுத்துவைக்கத் தெரியும். மேல் பாதியை அடுத்த புரோகிராம் அழித்துவிடும். அதனால், 'நான் தயார்' என்று இயங்குதளம் எக்ஸ்சிஆர் 0 என்ற ரெஜிஸ்டரில் குறித்துவைக்கும் வரை ஏவிஎக்ஸ் கட்டளைகள் ஓடவே ஓடாது. சர்வீஸ் பேக் 1 போடாத விண்டோஸ் 7இல் இதுதான் நிலைமை. சிப்பை மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்பிய புரோகிராம் அங்கே விழுந்துவிடும்.

64 பிட் ஆர்ம் சிப்களில், திறன்களைச் சொல்லும் ரெஜிஸ்டர்களைப் படிக்கும் உரிமையே இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குத்தான். எனவே லினக்ஸ், புரோகிராம் தொடங்கும்போதே அதன் ஸ்டேக் என்ற நினைவகப் பகுதியில் ஒரு பட்டியலை வைத்துவிடுகிறது. ஹெச்டபிள்யூகேப் என்று பெயர். ஒரு திறனுக்கு ஒரு பிட். கைபேசிகளில் ஒரே சிப்புக்குள் கோர் எனப்படும் பல ப்ராசஸர்கள், பெரிய கோர், சிறிய கோர் என்று கலந்திருக்குமே, அங்கே எல்லா கோர்களுக்கும் பொதுவானதைத்தான் கெர்னல் சொல்லும். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை எந்த நொடியும் வேறு கோருக்கு மாற்றலாம் அல்லவா?

சிலர் லினக்ஸில் ப்ராசஸரின் விவரங்களைக் காட்டும் ப்ராக் சிபியுஇன்ஃபோ கோப்பைத் திறந்து அதில் சொற்களைத் தேடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது மனிதர் படிக்க எழுதியது. ஒவ்வொரு ப்ராசஸர் குடும்பத்துக்கும் அதன் அமைப்பே வேறு.

அப்புறம் ரிஸ்க்-ஃபைவ் என்ற, யாரும் பயன்படுத்தக்கூடிய திறந்த ப்ராசஸர் வகை. சென்னை ஐஐடியின் சக்தி ப்ராசஸர்களும் இந்த வகைதான். இங்கே திறன்களுக்கு ஒற்றை ஆங்கில எழுத்துகளைப் பெயராக வைத்து, ஓர் எழுத்துக்கு ஒரு பிட் என்று 26 பிட்களில் தொடங்கினார்கள். பல எழுத்துப் பெயர்களோடு புதிய திறன்கள் வரிசையாக வந்ததும் இடம் போதவில்லை. 2023இல் லினக்ஸ் 6.4, ஹெச்டபிள்யூப்ரோப் என்ற சிஸ்டம் காலை, அதாவது புரோகிராம் கெர்னலிடம் கேட்கும் ஒரு வழியைக் கொண்டுவந்தது. குறிப்பிட்ட சில கோர்களைப் பற்றி மட்டும்கூட இதனிடம் விசாரிக்கலாம். எனக்குப் பிடித்தது இன்னொன்று. சீரான எல்லையில் தொடங்காத முகவரியிலிருந்து தரவைப் படித்தால் வேகமாக நடக்குமா, மெதுவாகவா என்றும் கேட்கலாம். மெது என்று பதில் வந்தால், புரோகிராம் பைட் பைட்டாகப் படித்துக்கொள்ளும். 'இருக்கிறதா' என்பதோடு நிற்காமல் 'பயன்படுத்தினால் லாபமா' என்றும் கேட்க வழி செய்திருக்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.