கவிழ்த்து வைத்த பொதிகை

வானொலி நேயர்களுக்கு வணக்கம். பாபநாசத்துக்காரன் மலையேற்றத்தைப் பற்றிப் பேசினால் அதில் புதுமை இல்லை. நான் பேச வந்தது இறக்கத்தைப் பற்றி. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கிராண்ட் கேன்யன் என்று ஒரு பெரும் பள்ளத்தாக்கு இருக்கிறது. மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது அவனோடு அதன் வடக்கு விளிம்பில் இறங்கித் தெற்கு விளிம்பில் ஏறினேன். ஏறத்தாழ 38 கிலோமீட்டர், ஒரே நாளில்.

நம் பொதிகை உச்சி 1,868 மீட்டர். அங்கே வடக்கு விளிம்பிலிருந்து கொலராடோ ஆற்றுக்கு இறங்குவதே 1,750 மீட்டர் அளவுக்கு வரும். மலையில் மூச்சு வாங்கினால் திரும்பி இறங்கிவிடலாம். பள்ளத்தாக்கில் தெம்பு இருக்கும் காலையெல்லாம் இறக்கம்; கால் ஓய்ந்த பிறகுதான் ஏற்றம். இறங்கும்போது எல்லோரும் வீரர்கள்தான்!

கோடையில் அடிவாரம் 40 டிகிரியைத் தாண்டும். குளிர்காலத்தில் பனி விழுந்து வடக்குச் சாலையை மூடிவிடுவார்கள். அதனால்தான் அக்டோபர். நமக்கு ஐப்பசி அடைமழை. அங்கே விளிம்பில் நடுங்க வைக்கும் விடியல், ஆற்றை நெருங்கினால் நல்ல வெயில். ஆற்றுக்கு முன் பாதை ஒரு குறுகிய இடுக்கில் நுழைகிறது. இருபுறமும் கரும்பாறை, செங்கல் சூளைச் சுவர்போல வெப்பத்தை உமிழ்கிறது. அந்தப் பாறைக்கு நிலவியலார் வைத்த பெயர் விஷ்ணு. வயது சுமார் 170 கோடி ஆண்டு. மேலே தெரியும் சிகரங்களில் பிரம்மா கோயில், சிவன் கோயில் என்று பெயர் வைத்தவைகூட உண்டு. அர்ச்சகரைத்தான் காணோம்.

காற்று அவ்வளவு வறட்சி. வியர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடும், உப்பு மட்டும் உடலை விட்டுப் போய்க்கொண்டிருக்கும். அந்த நிலையில் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் சோடியம் குறையும். தலை சுற்றும், குழப்பம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். என் பையில் நார்த்தங்காய் ஊறுகாய் இருந்தது. மகன் சிரித்தான், பிற்பகலில் அவனே கேட்டு வாங்கிக்கொண்டான்.

தெற்கு ஏற்றம் 15 கிலோமீட்டர், 1,300 மீட்டருக்கு மேல். வளைவுக்கு வளைவு நின்றுதான் ஏறினேன். கோவேறு கழுதைகள் வந்தால் நாம்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும். எனக்கு அது நல்ல சாக்கு.

விளிம்புக்கு விளிம்பு, பறவைக்கு 16 கிலோமீட்டர்தான். வடக்கே விட்டுவந்த காரை எடுக்க மறுநாள் வேனில் சுற்றிப் போனோம்: 340 கிலோமீட்டருக்கு மேல்.