பாபின்ல நூல் தீரும்போது

வணக்கம் நேயர்களே. நான் தண்டையார்பேட்டைல இருந்து வந்திருக்கேன். டாக்டர் இல்ல, நர்ஸும் இல்ல, ஹவுசிங் போர்டு வூட்ல மூணாவது மாடில மிஷின் போட்டு பிளவுஸ் தைக்கற டெய்லர். பதினோரு வருஷமா எனக்கு முடக்குவாதம் இருக்கு, நாலு வருஷமா சுகரும் சேந்துகிச்சு. நம்ம ஏரியால இந்த மாதிரி தீராத வியாதிய வச்சிகினு வெயிட்டும் ஏறிப்போயி இன்னா பண்றதுன்னு தெரியாம உக்காந்திருக்கறவங்க நிறைய பேர எனக்கு தெரியும், அவங்களுக்காக தான் பேசறேன்.

முடக்குவாதம்னா வயசானா வர்ற மூட்டு தேய்மானம் இல்லங்க. நம்ம உடம்புல இருக்கற எதிர்ப்பு சக்தியே நம்ம மூட்டு மேல பாயற வியாதி. காலைல எழுந்தா ஒரு மணி நேரத்துக்கும் மேல விரல் மடங்காது, பல் தேய்க்கற பிரஷ்ஷ கெட்டியா பிடிக்க முடியாது, குடத்த இடுப்புல வைக்க முடியாது. ஆரம்பத்துல ஸ்டீராய்டு மாத்திரை குடுத்தாங்க. அந்த மாத்திரை தான் என் கைய எனக்கு திருப்பி குடுத்துச்சு, அத நான் மறக்க மாட்டேன், ஆனா பசி எடுத்துச்சு பாருங்க, ராத்திரி பதினோரு மணிக்கு எழுந்து சோத்துப் பானைய தேடுவேன், முகம் உப்பிப்போச்சு, ஒன்றரை வருஷத்துல 61 கிலோ 78 ஆயிடுச்சு. ஸ்டீராய்டு பசிய தூண்டும், உடம்புல உப்பையும் தண்ணியையும் பிடிச்சி வைக்கும், சர்க்கரையையும் ஏத்தும், இது சாப்பிடறவங்களோட தப்பு இல்ல.

இந்த எடத்துல ஒண்ணு அழுத்தி சொல்லிடறேன். வெயிட் ஏறுதேன்னு ஸ்டீராய்ட நீங்களா நிறுத்திடாதீங்க. ரொம்ப நாள் அத சாப்பிட்டா நம்ம உடம்பு தானா சுரக்க வேண்டிய ஸ்டீராய்ட சுரக்காம விட்டுடும், திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. எங்க பிளாக்ல ஒரு அக்கா அப்படி நிறுத்திட்டு மூணாவது நாள் தண்ணி லாரிகிட்ட மயங்கி விழுந்தாங்க. டாக்டர் தான் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும்.

நான் அப்ப பாத்துகினு இருந்த ஒரு டாக்டர் ஒவ்வொரு வாட்டியும் வெயிட் மிஷின்ல ஏத்தி நிக்க வச்சிட்டு, வெயிட்ட குறைங்கம்மா, நடங்கம்மான்னு சொல்லி அனுப்பிடுவாரு. வீங்கின முட்டிய வச்சிகினு எவ்ளோ நேரம் நடக்கறது, வலிச்சா நிறுத்தணுமா தாங்கிகினு நடக்கணுமா, அத யாருமே சொல்லல. ஒரு நாள் ரோஷம் வந்து விடியக்காலைல கிளம்பி காசிமேடு வரைக்கும் போயி திரும்பி வந்தேன், ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. அன்னிக்கு முழுக்க சந்தோஷம் தான். மறுநாள்ல இருந்து அஞ்சு நாள் கட்டில், பாத்ரூம் போகவே என் பொண்ணு தோள பிடிக்கணும், தைக்க வாங்கின துணியெல்லாம் அப்படியே மூட்டையா கெடந்துச்சு. அப்புறம் கொஞ்சம் தேறினதும் விட்டத பிடிக்கணும்னு மறுபடி ஓவரா நடக்கறது, மறுபடி படுக்கறது, இப்படியே ரெண்டு வருஷம் வீணா போச்சு. படுத்துகினு இருக்கற நாள்ல சதை கரையும், கொழுப்பு கரையாது, அது தான் பெரிய நஷ்டம்.

அப்புறம் கவர்மெண்ட் ஆஸ்பத்திரில பிசியோதெரபி பாக்கற ஒரு பொண்ணு, என் பொண்ணு வயசு தான் இருக்கும், எனக்கு ஒரு கணக்கு சொல்லிக் குடுத்துச்சு. ஆன்ட்டி, நடந்து முடிச்சி ரெண்டு மணி நேரம் கழிச்சி பாருங்க, நடக்கறதுக்கு முன்னாடி இருந்தத விட வலி ஜாஸ்தியா இருந்தா நீங்க செஞ்சது அதிகம், அடுத்த வாட்டி குறைச்சிக்கோங்க, இல்லன்னா அந்த அளவு உங்களுக்கு சரின்னு சொல்லுச்சு. இவ்ளோ தாங்க, இத எனக்கு மொதல்லயே யாராவது சொல்லியிருந்தா அந்த ரெண்டு வருஷம் மிஞ்சியிருக்கும்.

வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான வேகத்துல உடம்ப அசைக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, 2020ல வந்த அந்த வழிகாட்டுதல்ல தீராத நோய் இருக்கறவங்களுக்கும்னு தனியாவே சொல்லியிருக்காங்க. முன்னாடி ஒரே மூச்சுல 10 நிமிஷமாவது செஞ்சா தான் கணக்குன்னு இருந்துச்சு, 2020ல அத எடுத்துட்டாங்க, துண்டு துண்டா செஞ்சாலும் சேத்துக்கலாம். நான் இத சாப்பாட்டுக்கு அப்புறம் ஏழு நிமிஷம்னு பிரிச்சிகினேன், மூணு வேளைக்கு 21 நிமிஷம், வாரத்துக்கு 147 ஆச்சா, கிட்டத்தட்ட வந்துடுச்சு. சாப்பிட்டதும் ஏன்னா, சதை வேல செய்யும்போது ரத்தத்துல இருக்கற சர்க்கரைய அது இழுத்துக்கும், இன்சுலின் சரியா வேல செய்யாத உடம்புலயும் இழுத்துக்கும். எந்த வேகம்னு கேட்டா, நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக்கூடாது, அந்த வேகம்.

எங்க நடக்கறன்னா எங்க மாடி வராண்டால தான். வரிசையா நீலக் குடம், ரோஸ் குடம், ஒரு சின்ன சைக்கிள், பக்கத்து வூட்டு துணி காயற கொடி, எல்லாத்தையும் சுத்திகினு இந்த முனைக்கும் அந்த முனைக்கும் போயிகினு வந்துகினு இருப்பேன், எதிர் வூட்டு பையன் எத்தனாவது ரவுண்டுன்னு எண்ணுவான். திருவொத்தியூர் ஹைரோட்ல கன்டெய்னர் லாரிங்க போற நேரத்துல தூசில நடக்கறத விட இது மேல், ஆஸ்துமா, வீசிங் இருக்கறவங்களுக்கு இன்னும் மேல். மணலி, எண்ணூர் பக்கம் இருக்கறவங்க புகை நாத்தம் தூக்கலா இருக்கற நாள்ல வூட்டுக்குள்ளயே நடங்க. கத்திரி வெயில் நாள்ல வெளில நடக்கறதா இருந்தா வெயில் ஏறறதுக்குள்ள முடிச்சிடுங்க. உடம்பு நல்லா இருக்கற ஞாயித்துக்கெழமைல ராயபுரம் ராபின்சன் பார்க் போவேன், 1949ல தி.மு.க. தொடக்கக் கூட்டம் நடந்த அதே பார்க், எங்க தாத்தா மழைல நனைஞ்சிகினே நின்னு கேட்டாராம், அந்த எடத்துல நடக்கறது எனக்கு தனி தெம்பு.

அடுத்தது சதைக்கு. வாரத்துக்கு ரெண்டு நாளாவது சதைய வலுவாக்கற வேல வேணும். எனக்கு மிஷின்ல பாபின் நூல் தீந்தா தான் நினைப்பு வரும். மணிக்கணக்கா குனிஞ்சி தைக்கறவ நான், அதனால நூல் தீரும்போதெல்லாம் கைய ஊணாம ஸ்டூல்ல இருந்து எழுந்து நிக்கணும், மெதுவா உக்காரணும், அஞ்சு தடவ, அப்புறம் தான் புது நூல் சுத்தறது. தொடையும் இடுப்பும் கெட்டியாச்சுன்னா முட்டிக்கு பாரம் குறையும். மணிக்கட்டு வீங்கறவங்க தரைல கை ஊணற எக்சர்சைஸ் எல்லாம் செய்யாதீங்க, செவுத்துல முழங்கைய வச்சி தள்ளுங்க போதும்.

வீக்கம் ஏறி மூட்டு சூடா இருக்கற நாளும் வரும். அன்னிக்கு வராண்டா கிடையாது. படுத்துகினே கணுக்கால சுத்துவேன், விரல வெதுவெதுப்பான தண்ணில விட்டு மடக்கி நீட்டுவேன், ரெண்டு நிமிஷம். காலண்டர்ல அந்த தேதில ரெண்டுன்னு எழுதிடுவேன், பூஜ்யம் போட மாட்டேன். முடக்குவாதத்துக்கு நான் வாரத்துல ஒரே ஒரு நாள் சாப்பிடற மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை ஞாயித்துக்கெழம ராத்திரி, திங்கக்கெழம உடம்பு அசந்து கெடக்கும்னு தெரியும், அதனால திங்கக்கெழமைக்கு கம்மியா தான் திட்டம் போடுவேன்.

சுகருக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுக்கறவங்க வெறும் வயித்துல நடக்காதீங்க. கை நடுங்குது, வேர்க்குது, கண்ணு இருட்டுதுன்னா சர்க்கரை 70க்கு கீழ போயிருக்கலாம், உடனே மூணு ஸ்பூன் சர்க்கரைய தண்ணில கலந்து குடிச்சிட்டு 15 நிமிஷம் கழிச்சி மறுபடி செக் பண்ணுங்க. மடில ஒரு பொட்டலம் குளுக்கோஸ் முடிஞ்சி வச்சிக்கறது நல்லது. கால் மரத்துப்போனவங்க வெறுங்கால்ல நடக்கவே வேணாம், எம்.சி.ஆர். செருப்பு, அதான் மெத்துன்னு இருக்கற ரப்பர் செருப்பு, வாங்கிக்கோங்க, ராத்திரி உள்ளங்கால கண்ணாடில பாருங்க. நெஞ்சு அழுத்தினாலோ மூச்சு முட்டினாலோ அந்த எடத்துலயே நிறுத்திட்டு ஆஸ்பத்திரி போங்க.

சாப்பாட்டுக்கு நான் புதுசா எதுவும் வாங்கல. காசிமேட்டுல கானாங்கெளுத்தியும் நெத்திலியும் வாங்கி வறுக்காம கொழம்பா வைக்கறேன், புரதமும் கெடைக்குது நல்ல கொழுப்பும் கெடைக்குது. வெயிட் குறையற நேரத்துல புரதம் பத்தலன்னா கொழுப்போட சேத்து சதையும் போயிடும். கிட்னி கோளாறு இருக்கறவங்க மட்டும் புரதம், தண்ணி ரெண்டுத்துக்கும் டாக்டர் சொல்ற அளவ கேட்டுக்கோங்க. சோறு ஒரு கப், அதே அளவு கீரையோ அவரக்காயோ. கருவாடு எனக்கு உசுரு, ஆனா உப்பு தண்ணிய பிடிச்சி வைக்குதே, மாசத்துல ஒரு நாள் தான்.

வெயிட் மிஷின விட எனக்கு என் இஞ்ச் டேப் மேல நம்பிக்கை. ஸ்டீராய்டு சாப்பிடறப்ப தண்ணி ஏறி எறங்கி மிஷின் நம்மள அழ வச்சிடும். நம்ம நாட்டு உடம்புக்கு இடுப்பு சுத்தளவு பொம்பளைங்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆம்பளைங்களுக்கு 90, அதுக்குள்ள இருந்தா நல்லதுன்னு சொல்றாங்க. நான் 101ல இருந்து 92க்கு வந்திருக்கேன், வெயிட் 70, ரெண்டரை வருஷமாச்சு. ஒரு கிலோ குறைஞ்சா ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல விழற பாரம் நாலு கிலோ குறையும்னு ஆராய்ச்சில கண்டுபிடிச்சிருக்காங்க, எட்டு கிலோவுக்கு 32 கிலோ, மாடிப்படி ஏறும்போது நான் அத உணர்றேன்.

இத கேட்டுகினு இருக்கறவங்க இன்னிக்கு மத்தியானம் சாப்பிட்டு கொஞ்ச நேரம் கழிச்சி கைப்பிடி இல்லாத ஒரு ஸ்டூல செவுத்தோரமா போட்டு, பக்கத்துல யாரையாவது நிக்க சொல்லிட்டு, கை ஊணாம எத்தன தடவ எழுந்துக்க முடியுதுன்னு பாருங்க. அந்த எண்ண காலண்டர்ல இன்னிக்கு தேதில எழுதுங்க. எனக்கு மொத நாள் ரெண்டு தான் வந்துச்சு. நேத்து பதினாலு.