உதிர்ந்த பழத்தைப் பொறுக்குங்கள்

(பழத்தோட்ட விவசாயிகள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெருமதிப்புக்குரிய தலைவர் ஐயா அவர்களே, வேறு அலுவல்களை ஒத்திவைத்துவிட்டு முன்னிலை வகிக்க வந்திருக்கும் இயக்குநர் அம்மா அவர்களே, நான் சொல்ல நினைத்ததில் பாதியை எனக்கு முன்பே அழகாகச் சொல்லி முடித்துவிட்ட பேராசிரியர் அவர்களே, மேடையில் இடமிருந்தும் கீழேதான் உட்காருவேன் என்று அடம்பிடிக்கும் சங்கத்தின் மூத்த உறுப்பினர்களே, பின்வரிசையில் நின்றுகொண்டே கேட்கும் தோட்டக்காரர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். செயலாளர் கொடுத்த பட்டியலில் இருந்த வரிசைப்படிதான் சொன்னேன்.

மூன்று விஷயங்களைப் பேசலாம் என்று குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். முதலாவது, பழ ஈயின் நடத்தை. இரண்டாவது, அதைக் கட்டுப்படுத்தும் வழிகள். மூன்றாவது, ஏற்றுமதியில் வரும் தடைகளும் மாறிவரும் பருவநிலையும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அழுகிய பழத்தைச் சுற்றும் சின்ன ஈ இருக்கிறதே, மரபியல் ஆராய்ச்சிக்கூடங்களில் வளர்க்கும் ட்ரோசோஃபிலா, நான் பேச வந்தது அதைப் பற்றி அல்ல. நம்முடையது டெஃப்ரிட்டிடே குடும்பம். மரத்தில் நல்ல நிலையில் தொங்கும் பழத்தின் தோலைத் துளைத்து உள்ளே முட்டை வைப்பது. புழு உள்ளேயே தின்று வளரும், பழம் விழும், புழு வெளியேறி மண்ணுக்குள் சில சென்டிமீட்டர் ஆழத்தில் கூட்டுப்புழுவாகும், பிறகு ஈயாகி வெளியே வரும். இந்தச் சுற்றில் மருந்து படும்படி அது வெளியே இருக்கும் காலம் எவ்வளவு என்று நீங்களே யோசியுங்கள். முட்டையும் புழுவும் பழத்துக்குள், கூட்டுப்புழு மண்ணுக்குள். பறக்கும் ஈயாவது தோட்டத்தில் தங்குமா என்றால், பூசணி, பாகல் போன்ற கொடிகளைத் தாக்கும் ஈ பெரும்பாலான நேரம் வயலில் இருப்பதே இல்லை. ஓரத்திலுள்ள மக்காச்சோளத்திலும் ஆமணக்கிலும் தங்கியிருந்து, முட்டையிட மட்டும் வயலுக்குள் வந்து போகிறது. நாம் பயிரின் மேல் மருந்தைக் கொட்டிக்கொண்டிருக்கிறோம், அது வேலியோரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்த நடத்தையை ஹவாயில் கவனித்து எழுதிய பிறகுதான், விஷம் கலந்த இரையை ஓரச் செடிகளில் மட்டும் தெளிக்கும் முறை வந்தது.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். இந்தப் பழமொழியை இன்று பலமுறை சொல்லப்போகிறேன், அலுத்துக்கொள்ளாதீர்கள்.

இனக்கவர்ச்சிப் பொறி எல்லோருக்கும் தெரியும். அதில் ஈயை இழுக்க வைக்கும் மீத்தைல் யூஜினால் என்ற வாசனைப் பொருள் எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்று தெரியுமா? பிகாரில் பூசா என்ற ஊரில் அன்றைய அரசின் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கே ஹவ்லெட் என்ற ஆங்கிலேயப் பூச்சியியலாளர் வேலை பார்த்தார். பூச்சி பிடிப்பவர் வீட்டுப் பக்கத்தில் குடியிருப்பவருக்கும் கொசு கடிக்கும், இல்லையா? பக்கத்து வீட்டுக்காரர் கொசுவை விரட்ட சிட்ரோனெல்லா எண்ணெயைப் பயன்படுத்தினார். கொசு போனதோ இல்லையோ, அந்த வாசத்துக்கு ஈக்கள் வந்து மொய்க்க ஆரம்பித்துவிட்டன. அவர் முகம் எப்படிப் போயிருக்கும் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்! ஒன்றை விரட்டப் பூசினால் இன்னொன்று படையெடுத்து வருகிறது. நீங்களும் நானுமாக இருந்தால் எண்ணெய் விற்றவனைத் திட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, போர்வையை இழுத்து மூடிப் படுத்திருப்போம். இவருக்கு நல்ல காலம், பக்கத்து வீட்டில் இருந்தவர் பூச்சிகளை விசாரிப்பவர். ஹவ்லெட் ஈக்களைப் பிடித்துப் பார்த்தார். பழ ஈக்கள். அதுவும் எல்லாம் ஆண்! பெண் ஈ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 1912-இல் இதை எழுதி வெளியிட்டார். அந்த எண்ணெயில் பல பொருள்கள் கலந்திருக்கின்றன, எது இழுக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, 1915-இல் மீத்தைல் யூஜினாலை அடையாளம் காட்டினார். இன்று உலகம் முழுக்கத் தொங்கும் மீத்தைல் யூஜினால் பொறிகளுக்கெல்லாம் மூலம், கொசுக்கடி தாங்காத ஒரு மனிதர். (கைதட்டல்)

ஆண் ஈ ஏன் அதற்கு இப்படி அலைகிறது என்பது பல பத்தாண்டுகள் கழித்துத்தான் விளங்கியது. அதைத் தின்று, உடம்புக்குள் மாற்றி, பெண்ணைக் கவரும் வாசனையாக வெளியிடுகிறது. தின்ற ஆணுக்கு ஜோடி எளிதில் கிடைக்கிறது, தின்னாத ஆண் பின்தங்கிவிடுகிறது.

சரி, ஆண்களை எல்லாம் பொறியில் பிடித்துவிட்டால் வேலை முடிந்ததா? பசிபிக் கடலில் ரோட்டா என்று ஒரு சின்னத் தீவு. 1960-களின் தொடக்கத்தில் மீத்தைல் யூஜினாலும் பூச்சிமருந்தும் ஊறிய அட்டைத் துண்டுகளை விமானத்திலிருந்து அங்கே போட்டார்கள். ஆண் ஈக்கள் அழிந்தன, ஈ இனமே அந்தத் தீவிலிருந்து ஒழிந்தது. ஆனால் கவனியுங்கள்: அது கடல் சூழ்ந்த தீவு, போட்டது தீவு முழுவதும். உங்கள் தோட்டத்தைச் சுற்றிக் கடல் இல்லை. ஓர் ஆண் ஈ பல பெண்களோடு சேரக்கூடியது. நூற்றில் சில ஆண் தப்பினாலும் போதும். அதோடு, பக்கத்துத் தோட்டத்திலேயே ஜோடி சேர்ந்துவிட்ட பெண் ஈ நேராக உங்கள் பழத்துக்கு வந்துவிடும். உங்கள் பொறி அதை ஒன்றும் செய்யாது. பொறியைக் கொடுக்கும்போது போட்டோ எடுப்பவர்கள் இதை மட்டும் சொல்வதே இல்லை.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும்.

ஜப்பான்காரர்கள் செய்ததைப் பாருங்கள். ஒகினாவாத் தீவுகளில் பூசணி வகைகளைத் தாக்கும் ஈயை ஒழிக்க, தொழிற்சாலையில் ஈ வளர்த்து, கதிர்வீச்சால் மலடாக்கிப் பறக்கவிட்டார்கள். மலட்டு ஆணோடு சேர்ந்த பெண்ணின் முட்டை பொரிக்காது. முதலில் குமே என்ற ஒரு தீவு, 1978-இல் அங்கே வெற்றி. 1993-இல் ஒகினாவா முழுவதும் முடிந்தது. மொத்தம் பறக்கவிட்டது 5,000 கோடிக்கும் மேல்! நடுவில் ஒரு வேடிக்கை. ஒகினாவாவின் சில இடங்களில் காட்டுப் பெண் ஈக்கள் மலட்டு ஆண்களை ஏற்க மறுக்க ஆரம்பித்தன. ஆள் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொண்டுவிட்டன. அதையும் சமாளித்துத்தான் முடித்தார்கள். ஆனால் முக்கியமான விஷயம் இது: மலட்டு ஈயை விடுவதற்கு முன்னால், இருக்கிற ஈக்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டார்கள். ஈ நிறைந்திருக்கும் இடத்தில் எத்தனை மலட்டு ஈ விட்டாலும் போதாது.

அந்தக் குறைக்கும் வேலையில் நம் கைக்கு எட்டியது எது? அதற்காகத்தான் இவ்வளவும் பேசினேன். உதிர்ந்த பழம்! ஒரே பழத்திலிருந்து பத்துக்கணக்கில் ஈக்கள் வரும். மரத்தடியில் கிடக்கும் பழத்தைத் தாண்டிப் போய்ப் பொறி மாட்டுகிறோமே, இதை என்னவென்று சொல்வது? ஹவாயில் 1999-இல் தொடங்கிய வட்டார அளவிலான திட்டத்தில் தோட்டத் துப்புரவுக்கு முக்கிய இடம் கொடுத்தார்கள். பொறுக்கிய பழத்தைக் கூடாரம் போன்ற வலைக்குள் போட்டு மூடினார்கள். வலைக் கண் வழியாக ஈ வெளியே வர முடியாது. ஆனால் ஈப்புழுவை அழிக்கும் சின்னக் குளவி வெளியே வந்துவிடும். எதிரி சிறையில், நண்பன் வெளியே. யோசித்தவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும்.

கூடாரம் இல்லையென்றால், தடித்த கறுப்புப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி வெயிலில் வையுங்கள். அல்லது அரை மீட்டருக்குக் குறையாத குழி தோண்டிப் புதையுங்கள். மேலோட்டமாக மண்ணைத் தள்ளிவிட்டால், புழுவுக்குப் படுக்கை போட்டுக் கொடுத்ததாகிவிடும். குப்பைக் குவியலில் வீசுவதும் அப்படித்தான். புழு மண்ணுக்குள் இறங்குவதற்கு முன்னால் பொறுக்கிவிட வேண்டும், ஆகவே வாரத்துக்கு இரண்டு முறையாவது. கைவிடப்பட்ட தோட்டங்களையும் விடாதீர்கள். யாருமே பறிக்காத மரம்தான் ஈக்குப் பெரிய பண்ணை.

பெண் ஈக்கு முட்டை முதிரப் புரதம் வேண்டும், அதனால் புரத இரை வைத்தால் பெண்ணும் வரும் என்பதை விரிவாகச் சொல்ல நினைத்தேன். தலைவர் ஐயா மணியைத் தொட்டுவிட்டார். மூன்றாவது விஷயத்துக்குப் போகவே முடியவில்லை. ஏற்றுமதி பற்றிப் பேராசிரியரிடம் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்.

ஒரே ஒரு வேண்டுகோள். ஒருவர் திங்கட்கிழமை பொறுக்கி, இன்னொருவர் அடுத்த வாரம் பொறுக்கினால் பயன் பாதிதான். ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டுமென்றால் எல்லோரும் ஒரே நாளில் வடத்தைப் பிடிக்க வேண்டும். வாரத்தில் எந்த இரண்டு நாள் என்பதை நான் சொல்லப்போவதில்லை, நீங்களே முடிவு செய்யுங்கள். செயலாளர் நோட்டுப் புத்தகத்தோடு வாசலில் நிற்பார். நன்றியுரை முடிந்ததும் நேரே சாப்பாட்டுப் பந்திக்குப் போய்விடாமல், உங்கள் பெயரையும் பக்கத்தில் கவனிப்பாரற்றுக் கிடக்கும் தோட்டத்தை யார் பொறுப்பில் விடலாம் என்பதையும் அவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். வணக்கம்.