எஸ்டேட் ரப்பர் பாலை அப்படியே சைக்கிள் டயருக்குள்ள ஊத்துனா என்ன ஆகும்?

[திரையில்: சிரட்டையில் சொட்டும் ரப்பர் பால். அடுத்து, முள் ஏறிய மலை சைக்கிள் டயர்.]

இந்தச் சிரட்டையில சொட்டுது பாருங்க, ரப்பர் பால். மலை சைக்கிள் டயருக்குள்ள பஞ்சர் அடைக்கிறதுக்கு ஊத்துற சீலன்ட்லயும் பெரும்பாலும் இதே சங்கதிதான் இருக்கு. கடையில அந்தக் குட்டிக் குப்பிக்கு விலை கேட்டா தலை சுத்தும். அப்போ குலசேகரம் பக்கம் ஒரு தோட்டத்துல கேட்டு ஒரு சிரட்டை வாங்கி ஊத்திட்டா காசு மிச்சம்தானே? பதில் இருக்கு, ஆனா நடுவுலதான் சொல்லுவேன். தள்ளித் தள்ளிப் பாக்காதீங்க, காத்தைப் பத்திப் பேசாம பாலைப் பத்திப் பேச முடியாது. வணக்கம் மக்கா.

முதல்ல வரலாறு, இருபதே செகண்ட். 1970-கள்ல கலிபோர்னியாவுல, மரின் கவுண்டிங்கிற இடத்துல சில பேர் பழைய தடி டயர் சைக்கிளைத் தூக்கிட்டுப் போய் மலை மேல இருந்து இறங்கி விளையாடினாங்க. 1976-ல அங்க ஆரம்பிச்ச பந்தயத்துக்குப் பேரு ரீபேக். ஒரு தடவை இறங்கினாலே பின் ஹப் பிரேக்ல உள்ள கிரீஸ் வெந்து புகையாப் போயிடும், திரும்ப கிரீஸ் அடைச்சாத்தான் அடுத்த ஓட்டம். அதனால அந்தப் பேரு. 1996 அட்லாண்டாவுல ஒலிம்பிக்குக்குள்ள வந்தாச்சு. வரலாறு முடிஞ்சு.

இப்போ காத்து. புதுசா சைக்கிள் வாங்கினவங்க முன் போர்க்கை மாத்தலாமா, கியர் செட்டை மாத்தலாமான்னு கேக்காங்க. டயர்ல எவ்வளவு காத்து இருக்குன்னு திருப்பிக் கேட்டா, "நார்மல் காத்துதான் அண்ணே"ன்னு பதில் வருது. நார்மல் காத்துன்னு ஒண்ணு உலகத்துலயே கிடையாது மக்கா. பஞ்சர் கடையில பைக்குக்கு அடிக்கிற பழக்கத்துல நம்ம சைக்கிளுக்கும் கம்ப்ரசரை வச்சு ஒரு அமுக்கு அமுக்குவாங்க, நேரா 50, 60 பி.எஸ்.ஐ. (காத்து அழுத்தத்தோட அளவு) ஏறிடும். டயர் ஓரத்துல "அதிகபட்சம் 65"னு எழுதியிருக்குன்னு சாட்சிக்கு வேற காட்டுவாங்க. அது உச்ச வரம்பாக்கும், சிபாரிசு கிடையாது. ஸ்பீடோமீட்டர்ல 160 வரைக்கும் கோடு இருக்குன்னு சுங்கான்கடை வளைவுல யாராவது 160-ல போவாங்களா?

காத்து கூடிப்போனா டயர் கல்லு மேல படியாது, துள்ளும். துள்ளுற நேரத்துல டயருக்குத் தரையில பிடி இல்ல. பிடி இல்லாத நேரத்துல பிரேக் பிடிச்சா வழுக்கும். காத்தைக் குறைச்சா டயர் கல்லைச் சுத்தி அமுங்கி உருளும், கையும் வலிக்காது. அதுக்காக ரொம்பக் குறைச்சாலும் வம்பு. ட்யூப் போட்ட டயரா இருந்தா கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவுல ட்யூப் நசுங்கி, பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஓட்டை விழும். பாம்பு கடிச்ச தடம் மாதிரியே இருக்கும், பேரும் அதுதான். ட்யூப்ல ரெட்டை ஓட்டை பாத்தீங்கன்னா முள்ளைத் தேடாதீங்க, காத்து பத்தலைன்னு அர்த்தம்.

[திரையில்: ஆள் 70 கிலோ, டயர் 29 இன்ச், அகலம் 2.25.]

இந்த அளவுக்கு ட்யூப் இருந்தா முன்னாடி 28, பின்னாடி 32. ட்யூப்லெஸ்ஸா இருந்தா முன்னாடி 22, பின்னாடி 25. பத்து கிலோ கூடினா ரெண்டு கூட்டுங்க, பத்து கிலோ குறைஞ்சா ரெண்டு குறைங்க. பின்னாடி ஏன் கூடுதல்? உக்காந்து ஓட்டுறப்போ பாதிக்கு மேல எடை பின் சக்கரத்துலதான். இது தொடக்கம்தான். கல்லும் வேரும் உள்ள ஒரு 200 மீட்டர் பாதையைத் தேர்ந்தெடுத்து, அதையே திரும்பத் திரும்ப ஓட்டுங்க. ஒவ்வொரு தடவையும் ரெண்டு குறைங்க. ரிம் கல்லுல "டங்"னு இடிக்கிற சத்தம் கேட்டதும் நிறுத்தி, ரெண்டு கூட்டுங்க. அதுதான் உங்க நம்பர், மார்க்கர்ல பிரேம்லயே எழுதி வைங்க. ஒரு சின்ன விஷயம்: கால் பம்புல உள்ள கேஜ் 30-க்குக் கீழ நம்புற மாதிரி இருக்காது. 0 முதல் 60 வரைக்கும் காட்டுற தனி கேஜ் ஒண்ணு வாங்குங்க. சைக்கிளுக்குச் செலவழிக்கிற காசுல இதைவிடப் பிரயோஜனமான காசு கிடையாது, இது என் கட்சி.

சரி, முள். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தோட விசேஷமே இதுதான். விளவங்கோடு, திருவட்டாறு பக்கம் ஈரம், ரப்பர், செம்மண். அங்க இருந்து ஆரல்வாய்மொழி, முப்பந்தல் போனா வேற நாடு: காய்ஞ்ச தரை, காத்தாலை, உடைமுள், நெருஞ்சி. அமெரிக்காவுல மலை சைக்கிள்காரங்க பேரைக் கேட்டாலே நடுங்குற ஒரு முள் உண்டு, ஆட்டுத்தலை முள்ளுன்னு சொல்லுவாங்க. இணையத்துல அதைப் பத்திப் பக்கம் பக்கமாப் புலம்பல். அது வேற ஒண்ணுமில்ல, நம்ம நெருஞ்சிதான்! அதே செடி. காய் காய்ஞ்சு அஞ்சு துண்டாப் பிரியும், ஒவ்வொரு துண்டுலயும் ஆட்டுக் கொம்பு மாதிரி ரெண்டு பெரிய முள். எப்படிப் போட்டாலும் ஒரு முள் மேல பாத்து நிக்கும். நம்ம ஊரு ஆடு மேய்க்கிற பிள்ளைகளுக்கு எல்லாம் தெரிஞ்ச விஷயத்துக்கு அங்க ட்ரெய்லர் ஓட்டுறாங்க.

இந்த முள்ளுக்கு ட்யூப்ல ஒட்டுப் போட்டு மாளாது. இங்கதான் பால் வருது.

[திரையில்: மறுபடி சிரட்டை.]

ரப்பர் பால்னா தண்ணியில மிதக்குற கோடிக்கணக்கான ரப்பர் துளி. ஒவ்வொரு துளி மேலயும் ஒரே வகை மின்னூட்டம், அதனால ஒண்ணை ஒண்ணு தள்ளும். சொத்துத் தகராறுல பேசாம இருக்கிற அண்ணன் தம்பி மாதிரி, ஒரே வீட்டுல இருப்பாங்க, ஒட்ட மாட்டாங்க. அதுல ஆசிட் விழுந்தா மின்னூட்டம் போயிடும், எல்லாம் கட்டிப் பிடிச்சுக்கும். ரப்பர் ஷீட் அடிக்கிற இடத்துல தட்டுல பாலை ஊத்தி, தண்ணி கலந்த பார்மிக் ஆசிட் விடுறது இதுக்குத்தான். பாலாவே கொண்டுபோய் விக்கணும்னா அம்மோனியா கலப்பாங்க, ஆசிட் பக்கம் போகாம காக்கிறதுக்கு. ஒண்ணு சேத்து வைக்கும், ஒண்ணு பிரிச்சு வைக்கும். ரப்பர் தொழிலோட பாதி ரகசியம் இவ்வளவுதான்.

டயர் சீலன்ட்டும் இதே கணக்குதான். குப்பியில இருக்கிற வரைக்கும் பிரிஞ்சே இருக்கணும், ஓட்டை விழுந்த நொடியில சேரணும். முள் குத்தினதும் காத்து பீய்ச்சும், கூடவே பாலையும் ஓட்டைக்கு இழுத்துட்டு வரும். அதுல கலந்திருக்கிற பொடித் துணுக்குகள் வாயில வந்து சிக்கும். அது மேல ரப்பர் திரண்டு அடைக்கும். நெருஞ்சிக்கும் உடைமுள்ளுக்கும் இது தாராளம். ஆணி, கண்ணாடி கிழிச்ச பெரிய ஓட்டைன்னா தனியா ப்ளக் (ரப்பர் திரி) குத்தணும்.

இப்போ கேள்விக்குப் பதில். தோட்டத்துப் பாலை நேரா ஊத்தலாமா? கூடாது. அதுல ரப்பர் மூணுல ஒரு பங்குதான், மீதி பெரும்பாலும் தண்ணி, கொஞ்சம் புரதமும் சர்க்கரையும். அம்மோனியா சேக்காத பாலுல கிருமி வளர்ந்து தானே புளிச்சு, அன்னைக்கே திரண்டுடும். டயருக்குள்ள ஒரு ஒட்டுப்பால் உருண்டை உருளும், சக்கரம் ஒவ்வொரு சுத்துக்கும் "டொம் டொம்"னு அடிக்கும், வாடை தனி. "அப்போ அம்மோனியாவும் சேத்து ஊத்துறேன்"னு ஒரு கமெண்ட் வரும், எனக்குத் தெரியும். அளவு தெரியாம ஊத்துன அம்மோனியா அலுமினிய ரிம்மையும் பித்தளை வால்வையும் தின்னும். சீலன்ட் செய்யுறவங்க மையநீக்கி இயந்திரத்துல சுத்தி 60 சதவீதம் ரப்பர் உள்ள பாலா மாத்தி, காயாம இருக்க கிளைக்கால் வகை திரவம் சேத்து அளவோட செய்யுறாங்க. குப்பியையே வாங்கிடுங்க.

இதுல இன்னொரு வேடிக்கை. அவசரத்துக்குக் காத்தடிக்க கார்பன் டை ஆக்சைடு குப்பி விக்காங்கல்லா, அதை ரப்பர் பால் சீலன்ட் உள்ள டயர்ல அடிச்சா நிறைய வகை சீலன்ட் உள்ளேயே திரண்டுடும். கார்பன் டை ஆக்சைடு ஈரத்துல கரைஞ்சா லேசான ஆசிட். ஷீட் தட்டுல நடக்கிறதேதான் டயருக்குள்ளயும் நடக்குது! ரப்பர் ஊருக்காரங்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையே இல்ல. கை பம்பு வச்சுக்கிடுங்க.

ட்யூப்லெஸ்ஸா மாத்துறது எப்படி? ரிம், டயர் ரெண்டுலயும் ட்யூப்லெஸ் ரெடின்னு போட்டிருக்கணும். சாதா டயர்ல முயற்சி பண்ணாதீங்க, விளிம்பு கழண்டு வெடிக்கும். ரிம்மை ஸ்பிரிட் போட்டுத் துடைச்சு, உள் அகலத்தைவிட ரெண்டு மூணு மி.மீ. அகலமான டேப்பை இறுக்கமா ரெண்டு சுத்து ஒட்டுங்க. வால்வு ஓட்டையைச் சூடான ஊசியால போடுங்க, கத்தியால கீறினா கிழிசல் ஓடும். வால்வு நட்டை விரலாலதான் முறுக்கணும், கட்டிங் பிளேயர் போட்டீங்கன்னா நடுவழியில ட்யூப் போட வேண்டிய அன்னைக்குக் கழட்ட முடியாம அழுவீங்க. டயர் விளிம்புல சோப்புத் தண்ணி தடவி, வால்வு கோரை (வால்வுக்குள்ள இருக்கிற ஊசி) கழட்டிட்டு கம்ப்ரசர் காத்து அடிங்க. டப், டப்னு விளிம்பு உக்காரும் சத்தம் கேக்கும். 40-க்கு மேல போகாதீங்க. காத்தை இறக்கிட்டு சிரிஞ்சுல சீலன்ட் 110 மில்லி ஏத்துங்க, கோரை மாட்டி, காத்தடிச்சு, குலுக்கி, ஒவ்வொரு பக்கமும் பத்து நிமிஷம் படுக்கப் போடுங்க. காலையில காத்து இறங்கியிருந்து, ஸ்போக் நிப்பிள்ல இருந்து பால் கசிஞ்சா டேப் சரியில்ல, திரும்ப ஒட்டுறதுதான் வழி. ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா காத்தை இறக்கி, வால்வைக் கீழ வச்சு, கோரைக் கழட்டி ஒரு ஈர்க்குச்சியை விட்டுப் பாருங்க. ஈர்க்கு காய்ஞ்சு வந்தா 60 மில்லி சேருங்க. நம்ம வெயிலுக்கு இது சீக்கிரமே காயும்.

விலை குறைஞ்ச சைக்கிளா, ரிம் ஒத்துக்காதா? கோர் கழட்டுற வால்வு உள்ள ட்யூப்ல அந்தச் சீலன்ட்டையே ஊத்துங்க. சின்ன முள்ளுக்கு அதுவே போதும்.

எங்க ஓட்டுறது? பட்டணங்கால், தோவாளை சானல் கரைகள் தொடக்கக்காரங்களுக்குக் கொள்ளாம், ஏற்றம் குறைவு, மண் பாதை. ரப்பர் தோட்டம்னா கேட்டுட்டுப் போங்க, விடியக்காலம் பால்வெட்டு நேரத்துல குறுக்க ஓடாதீங்க. காப்புக்காடு, சரணாலயம் பக்கம் வனத்துறை அனுமதி இல்லாம சக்கரத்தை வைக்காதீங்க, யானைக்கு உங்க கியர் எத்தனைன்னு கவலை இல்ல.

தோட்டத்துல ரெண்டு ஆபத்து. ஆடி, ஆவணியில ரப்பர் காய் வெடிச்சு கொட்டை சிதறிக் கிடக்கும், வளைவுல டயருக்கு அடியில கோலிக்குண்டு மாதிரி உருளும். வளையறதுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைங்க, வளைவுக்குள்ள பிரேக்கைத் தொடாதீங்க. அடுத்து, இலை உதிர்ற காலத்துல சருகு மூடின வேர். நேர்க்குத்தா ஏறுங்க, சாய்வா ஏறினா முன் சக்கரம் வேரோட ஓடும். பெடல் ரெண்டும் சம மட்டம், முழங்கை வெளிய, பிரேக்ல ஒரே விரல். ஹெல்மெட்டைப் புருவத்துக்கு மேல ரெண்டு விரல் இடம் விட்டுப் போடுங்க.

ட்ரெய்னிங்குக்கு ஒரே வரி: ஆரல்வாய்மொழி கணவாயில தென்மேற்குப் பருவக் காத்து மேற்க இருந்து வீசும், நாகர்கோவில்ல இருந்து போறப்போ பறப்பீங்க, திரும்பறப்போ நகர மாட்டீங்க, அதனால முதல் மாசம் பாதி தூரத்துலயே திரும்பிடுங்க.

முட்டம், சொத்தவிளை பக்கம் ஓட்டுறவங்களுக்கு எதிரி உப்பு. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணியை மெதுவா ஊத்திக் கழுவுங்க. பைக் கழுவுற வாட்டர் சர்வீஸ்ல பிரஷர் அடிக்கக் கூடாது, ஹப் பேரிங்ல உள்ள கிரீஸ் வெளிய வந்துடும். செயினைத் துடைச்சு, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய், பத்து நிமிஷம் கழிச்சு வெளிப்பக்கம் துடைச்சு எடுத்துடுங்க. தேங்காய் எண்ணெய் தலைக்கு, செயினுக்கு இல்ல. மழையில முதல் கிலோமீட்டர்லயே கழுவிட்டுப் போயிடும். அந்தக் கையோட டிஸ்க் பிரேக்கைத் தொட்டா பிரேக்கும் போச்சு. செயின் தேய்ஞ்சுதான்னு பாக்க அடிக்கோல் போதும்: 12 முழுக் கண்ணி (உள் கண்ணியும் வெளிக் கண்ணியும் சேந்து ஒண்ணு) 12 இன்ச் இருக்கணும். ஒரு இன்ச்சைப் பதினாறாப் பிரிச்சா அதுல ஒரு பாகம், அதாவது சுமார் ஒண்ணரை மி.மீ. கூடியிருந்தா 11, 12 கியர் செயினை மாத்துங்க. விட்டா பல்சக்கரத்தையும் சேத்துத் தின்னும்.

கமெண்ட்ல உங்க எடை, டயர் அகலம், ட்யூபா ட்யூப்லெஸ்ஸா, ஓட்டுறது தோவாளைப் பக்கமா கல்குளம் பக்கமா, நாலையும் எழுதுங்க, எத்தனை பி.எஸ்.ஐ.னு சொல்லுகேன். "நார்மல் காத்து"ன்னு எழுதுறவங்களுக்கு மட்டும் பதில் கிடையாது.